பதிவுத் தபால் எண் 42854447

மார்ச் 6, வியாழன்

மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். உன் முகவரியை வெல்டர் கொடுத்தார். உன்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த அதே வெல்டர்தான். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். பிழை இருந்தால் அது அவருடையது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. உன் அப்பா சென்ற மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குக் காலமானார். முடிவெட்டும் கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. இதயம் என்று மருத்துவர் சொன்னார். கடைக்காரர் பாதிச் சவரத்தில் அவர் கண்ணை மூடியதைப் பார்த்திருக்கிறார். "ஐயா தூங்கறாருன்னு நெனச்சேம்மா. அந்தப் பக்கத்தையும் முடிச்சிட்டுத்தான் எழுப்பினேன்" என்று என்னிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மழித்த முகத்தோடு உன் அப்பாவைப் பார்க்க நேர்ந்திருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது.

மற்றவை முறைப்படி நடந்தன. அப்பாவின் நில அளவைத் துறை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு மாடி ஏற முடியவில்லை. கீழேயே நின்று போய்விட்டார்கள். கீழ் வீட்டுத் தையல்காரம்மா மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்தாள். நான்காம் நாள் போதும் என்று சொன்னேன்.

இறப்புச் சான்றிதழில் வயது எழுபத்தெட்டு என்பதை எண்பத்தேழு என்று எழுதிவிட்டார்கள். திருத்துவதற்கு மூன்று முறை போனேன். அங்கிருந்த எழுத்தர், "ஒரு நம்பர்தானேம்மா இடம் மாறியிருக்கு, ஆள் அவர்தானே?" என்றார். "ஆள் இல்லை, இனிமேல் அந்த நம்பர்தான் இருக்கிறது, அதைச் சரியாக எழுதுங்கள்" என்றேன். இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்கள் கணக்கு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். எண்பத்தேழுக்கும் எழுபத்தெட்டுக்கும் ஒன்பது. அதை எழுத்தரிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

நான் நன்றாக இருக்கிறேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு மருந்து ஏற்றிய கன்னம் போல இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, ஆனால் அது என்னுடையது என்று தெரியவில்லை.

நீ வரவேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி உன்னை முறையாகச் சேரவேண்டும் என்பதால் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


மார்ச் 29, சனி

மகனுக்கு,

உன் அட்டை கிடைத்தது. மூன்று வரி. இரண்டாவது வரியில் ஒரு ஒற்றெழுத்து குறைகிறது, அதை விட்டுவிடுகிறேன். மூன்றாவது வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: இத்தனை வருடத்தில் அப்பா உன்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று.

சொன்னார். ஆனால் அவர் சொன்ன விதம் உனக்குப் புரியவேண்டுமானால் நான் சில பக்கம் எழுதவேண்டும். உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம்.

இருபத்து மூன்று வருடம் முன்பு நீ அளவைப் பயிற்சிப் பள்ளியில் தேர்வில் தோற்றாய். அதை எங்களிடம் சொல்லாமல் ஒரு வருடம் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, வெல்டரின் பட்டறையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வந்தாய். நான் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளர். கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு இணைப்பு போதுமாக இருந்தது. மறுநாளே பள்ளிக்குப் போய் உன் மதிப்பெண் பட்டியலை வாங்கி வந்தேன். நீ படியேறி வரும்போது, வாசலில் நின்று அதைப் படித்தேன். மூன்று வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. நீ, "உனக்குப் பிள்ளை வேணாம்மா, சரியான விடை இருந்தாப் போதும்" என்றாய். அப்பா, "நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் படியில கால் வைக்காதே" என்றார். நீ டப்பாவைக் கீழ்ப் படியில் வைத்துவிட்டுப் போனாய். இதுவரை உனக்குத் தெரியும்.

ஏழு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது, பதிவுத் தபாலில், அப்பா பெயருக்கு. கப்பலில் வேலை கிடைத்ததென்றும், துறைமுகத்துக்கு வரும்போது வீட்டுக்கு வரலாமா என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரி எழுதினால் போதும் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பதில் எழுதவில்லை. சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத மனிதர்; உனக்கும் அந்தக் குணம் உண்டு, எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி வருவது உனக்குத் தெரியாதது.

மூன்றாம் நாள் மாலை அவர் உன் உறையை மேசைமேல் வைத்து, தபால்காரர்கள் ஒட்டிய சீட்டைக் காட்டினார். எட்டு இலக்க எண். 42854447. "இது ஏதாவது ஒண்ணால மீதியில்லாம வகுபட்டுச்சுன்னா, வரச்சொல்லி எழுதிடறேன். எதாலயும் வகுபடலைன்னா, எழுதலை. இதுல நானும் இல்லை, நீயும் இல்லை" என்றார். ஐம்பத்தேழு வயதில் பேசுகிற பேச்சா என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே கோடு போட்ட நோட்டை எடுத்துவைத்திருந்தார்.

இதில் ஒரு தந்திரம் இருந்தது, எனக்கு அப்போதே தெரிந்தது. ஒற்றைப்படை எண், ஐந்தில் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தெட்டு, ஆகவே மூன்றாலும் வகுபடாது. இவ்வளவு கழித்த பிறகும், இந்த அளவுள்ள ஐந்து எண்களில் நான்கு எப்படியும் எதனாலாவது வகுபட்டுவிடும். ஒன்றுதான் பகா எண்ணாக நிற்கும். உன் அப்பா முப்பது வருடம் நிலம் அளந்தவர். எந்தப் பக்கம் சரிவு என்று தெரியாமல் அவர் கோலை ஊன்றமாட்டார். தோற்பதற்காகவே அந்தப் பந்தயம் கட்டினார்.

எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் அந்த இரண்டுமே அதன் வர்க்கமூலத்துக்கு மேலே இருக்கமுடியாது. ஒன்றாவது கீழே இருந்தாகவேண்டும். உன் எண்ணின் வர்க்கமூலம் 6546-ஐ ஒட்டி வந்தது. ஆகவே அதற்குக் கீழே இருக்கிற பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேடவேண்டியதில்லை. அவருடைய பழைய வாய்பாட்டுப் புத்தகத்தில் பட்டியல் இருந்தது. எண்ணூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றிலும் ஏழிலும் முடிகிறவை அவருக்கு, மூன்றிலும் ஒன்பதிலும் முடிகிறவை எனக்கு. தினமும் மாலை ஐந்து மணிக்குத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், ஜன்னல் பக்கம் அவர். ஆளுக்கு நான்கு வகுத்தல். ஈவும் மீதியும் நோட்டில் மையால் எழுதவேண்டும்.

ஏழால் வகுத்தார், மீதி ஆறு. பதினொன்றில் ஒன்பது. பதின்மூன்று என்னுடையது, மீதி பன்னிரண்டு. அதாவது ஏழிலும் பதின்மூன்றிலும் ஒன்றே ஒன்று குறைச்சல். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அடுத்த எண்ணா இருந்திருந்தா ஏழாலயும் போயிருக்கும், பதிமூணாலயும் போயிருக்கும், ஏன், ரெண்டாலயே போயிருக்கும். மடையன், தபால் ஆபீஸ்ல பின்னால நின்ன ஆளை முன்னால போங்கன்னு சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார். நீ கேட்டாயே, உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று. இதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

முதல் மாதம் அப்படித்தான் போனது. சிரிப்பும் கேலியுமாக. என்னை "சூப்பர்வைசரம்மா" என்று கூப்பிடுவார். வகுத்தல் கோடு வளைந்தால் நான் அவரைக் கடிந்துகொள்வேன். எங்கள் சிஸ்டர் கோடு வளைந்தால் விடையைப் பார்க்கவே மாட்டார். இரண்டாம் மாதம் அவருக்குச் சிரிப்பு குறைந்தது. சின்ன எண்களால் வகுபடாமல் தப்பிக்கிற ஒவ்வொரு நாளும் அது பகா எண்ணாக இருப்பதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. சரிவு மாறிக்கொண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. ஆயிரம் தாண்டியது. இரண்டாயிரம் தாண்டியது. ஒரு நாள் மீதி ஒன்று வந்தபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்றரை மாதம் ஆனது. கடைசி எண்ணையும் வகுத்தோம். எதனாலும் வகுபடவில்லை. "பகா எண்" என்று மட்டும் சொன்னார். நோட்டை மூடி உன் உறையை உள்ளே வைத்து மேசை இழுப்பறையில் போட்டார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் எதுவும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மறு வருடம் ஓய்வு பெற்றார். நோட்டு இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. இதை எழுத நான் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை.

அவர் பதில் எழுதாதது வெறுப்பினால் அல்ல என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். அது போதும்.

இங்கே தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள், படிக்கட்டெல்லாம் தூசி. வெல்டர் ஞாயிறுதோறும் வந்து மாடி நன்றாயிருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். ஆடாத கைப்பிடியை எத்தனை முறை பார்ப்பார் என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


ஏப்ரல் 24, வியாழன்

என் மகனுக்கு,

உன் கடிதம் பத்து நாளாக மேசைமேல் இருக்கிறது. இந்த முறை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பிழை ஏதும் இல்லை. நான் தேடினேன்.

"எண் அப்படி அமைந்ததற்கு யாரை என்ன சொல்வது? என் ரசீதுக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அப்பாமேல் இருந்த கோபம் போய்விட்டது என்கிறாய். உங்கள்மேலும் வருத்தம் இல்லை என்கிறாய். வருவதற்கு இனி காரணம் இல்லை, ஆனால் இத்தனை வருடம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன் என்கிறாய். போகும்போது என்னை 'நீ' என்று பேசிவிட்டுப் போனவன் இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறாய். மரியாதையான கடிதம். ஒரு அன்னியப் பெண்மணிக்கு எழுதியது போல.

அந்த நிம்மதியை நான் இப்போது கெடுக்கப்போகிறேன். ஒரு பொய்யை நம்பி என்னை மன்னித்துவிட்டு நீ தூங்க நான் விடமுடியாது. அதைவிட நீ என்னை வெறுப்பது முறையாக இருக்கும்.

42854447 பகா எண் இல்லை.

அது 4423-ஆல் வகுபடும். 4423 மூன்றில் முடிகிற எண். என் பங்கு.

அந்த நாளை நான் மறக்கவில்லை. அவர் எதிரே 4421-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மீதி 1694 வந்தது, சத்தமாகச் சொல்லி எழுதினார். நான் 4423-ஐ எடுத்தேன். முதல் இலக்கம் ஒன்பது. ஒன்பது முறை 39807, கழித்தேன். அடுத்து ஆறு. அடுத்து எட்டு. கடைசி இலக்கத்தை இறக்கியபோது கீழே நின்றது 39807. முதல் வரியில் நான் கழித்த அதே எண். கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஈவு 9689, மீதி பூஜ்யம்.

நான் மீதிக் கட்டத்தில் 9 என்று எழுதினேன்.

கோடு வளையவில்லை. உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த எண்ணை எடுத்தேன்.

ஏன் ஒன்பது என்று உனக்குச் சொல்லவேண்டும், அப்போதுதான் அது கைதவறியது அல்ல என்று தெரியும். வகுத்தலைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்கவேண்டும். வகுத்த எண்ணுக்கும் ஈவுக்கும் வந்ததைப் பெருக்கி, மீதிக்கு வந்ததைக் கூட்டினால், பெரிய எண்ணுக்கு வந்ததே வரவேண்டும். அந்தச் சோதனையின் கண்ணுக்கு ஒன்பது மட்டும் தெரியாது. ஒன்பது கூடினாலும் அதற்கு ஒன்றுதான், குறைந்தாலும் ஒன்றுதான். அவர் சரிபார்த்தால் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக, பூஜ்யத்தின் இடத்தில் போடக்கூடிய ஒரே சின்ன எண்ணைப் போட்டேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்திருந்தேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. 4423-ஐ விட்டால் மிச்சம் இருப்பது அதன் ஜோடி 9689 மட்டுமே. அது வர்க்கமூலத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே யாரும் தேடமாட்டார்கள். அந்த ஒரு வரியை மறைத்தால் உன் எண் காலத்துக்கும் பகா எண்தான்.

காரணம் கேட்பாய். நீ படிக்கட்டில் சொன்னதற்காக என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. உன் பதிவுத் தபாலில் ஒன்றேகால் பக்கம் எழுதியிருந்தாய். அப்பாவின் முழங்கால் வலியைக் கேட்டிருந்தாய். அலுவலகத்தைக் கேட்டிருந்தாய். எனக்கு ஒரு வரி இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றுகூட இல்லை. நான் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். சரி, என்னைக் கேட்காதவன் என் கையெழுத்தில் வரவேண்டாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

இதை எழுதிவிட்டு நிறுத்தலாம் என்றிருந்தேன். ஆனால் உன் கடிதம் வந்த மறுநாள், இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக, நோட்டைத் திறந்தேன். அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு உனக்கு எழுதலாம் என்று.

நான் எழுதிய ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால், எறும்பு அளவு எழுத்தில், இரண்டு எண்கள் இருந்தன. உன் அப்பாவின் கை. எழுதி முடித்த பக்கத்தை நான் அப்போது திருப்பிப் பார்த்ததே இல்லை. அவர் என் வகுத்தல்கள் அத்தனையையும் சரிபார்த்திருக்கிறார். சந்தேகப்பட்டு அல்ல, அளப்பது ஒருவர், சரிபார்ப்பது இன்னொருவர் என்பது அவர்கள் தொழிலில் அனிச்சைச் செயல். முதல் எண் ஒன்பதின் சோதனை. 4423-க்கு எதிரே அது சரியாக இருந்தது, நான் திட்டமிட்டபடியே. இரண்டாவது எண் பதினொன்றின் சோதனை. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துச் செய்வது; அதைச் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒன்பது வரவேண்டிய இடத்தில் ஏழு வந்திருந்தது. அந்த ஏழுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் போட்டிருந்தார். இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி அளக்கவேண்டும் என்பதற்கு அவர்கள் போடுகிற குறி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் திரும்பிப் போய் அளந்திருக்கிறார். 9689-ஐயும் 4423-ஐயும் பெருக்கி, உன் எண்ணை முழுதாக எழுதி, கீழே இரண்டு கோடு. அதோடு விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எண் 7056, அது எண்பத்து நான்கின் வர்க்கம் என்று எழுதியிருக்கிறார். அந்த வர்க்கத்தின் வர்க்கத்திலிருந்து 2633-இன் வர்க்கத்தைக் கழித்தால் உன் எண் வருகிறது என்றும். ஓரத்தில் 'நல்ல எண்' என்று இரண்டு சொல். நான் அதைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது.

தேதி போட்டிருக்கிறார். நான் ஒன்பது எழுதியதற்கு மறுநாள்.

அதற்குப் பிறகு இன்னும் முப்பது நாள் எங்கள் வகுத்தல் நடந்தது. விடை தெரிந்த மனிதர் எனக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் நான்கு எண்ணை வகுத்து, மீதியைச் சத்தமாகச் சொல்லி எழுதினார். ஒவ்வொரு நாளும் பேனாவை மூடும்போது, "உன் பக்கம் எல்லாம் சரிதானே, சூப்பர்வைசரம்மா?" என்று கேட்பார். அது அந்த முப்பது நாளில்தான் தொடங்கியது என்பதை நான் இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். "சரிதான்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். முப்பதாவது நாளும் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் "பகா எண்" என்றார்.

அவர் உனக்கு எழுதியிருக்கலாம். எண் வகுபட்டுவிட்டது, தான் பந்தயத்தில் தோற்றாயிற்று என்று அவருக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன். எழுதினால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று என்னைக் காப்பாற்றினாரா? அல்லது நானாகச் சொல்லுவேன் என்று இருபத்தோரு வருடம் காத்திருந்தாரா? கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்தில் அவர் இல்லை. எனக்கு இதில் துக்கமா அவமானமா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுகிறேன், பல் தேய்க்கிறேன், பால் வாங்கி வைக்கிறேன். தையல்காரம்மா, "கண்ணு ஏன்மா சிவந்திருக்கு?" என்று கேட்டாள். குழாய் வேலை, தூசி என்றேன். அந்த வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அவள் கொடியில் இருந்த என் துணிகளை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. படிக்கட்டில் நான் உன் மதிப்பெண்களைப் படித்தபோது ஐந்து பாடம் படித்தேன். பட்டியலில் ஆறு இருந்தது. கணக்கில் நீ தேறியிருந்தாய், எழுபத்தொன்று. அதை நான் படிக்கவில்லை.

உன் அப்பா சொன்ன சொல்லின்படி, எண் வகுபட்டால் உன்னை வரச்சொல்லி எழுதவேண்டும். வகுபட்டுவிட்டது. எழுதவேண்டியவர் இல்லாததால் நான் எழுதுகிறேன். நீ வரலாம். நான் இருப்பது உனக்குத் தடையாக இருந்தால், நீ வந்துபோகும் நாட்களில் நான் கீழ் வீட்டில் இருந்துகொள்வேன். தையல்காரம்மாவிடம் கேட்டுவிட்டேன்; என்ன ஏது என்று கேட்காமல் சரி என்றாள்.

கடைசியாக ஒன்று. அளவைப் புத்தகத்தில் எதையும் அழிக்கக்கூடாது என்பது அப்பா அலுவலகத்தில் விதி. தவறான எண்ணின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தவறு செய்தவர் சுருக்கொப்பம் இடவேண்டும். பிறகு இன்னொருவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டாவது ஒப்பம் இடவேண்டும். அது இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. பழைய எண்ணே நிற்கும். நேற்று மாலை ஐந்து மணிக்கு ஒன்பதின்மேல் கோடு இழுத்துப் பூஜ்யம் எழுதினேன். என் ஒப்பத்தை இட்டேன். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. ஞாயிறு இல்லாவிட்டாலும் வெல்டர் வந்திருந்தார். "எங்க போடணும்னு காட்டுங்கம்மா, நான் போட்டுடறேன்" என்றார். நெடுவகுத்தல் செய்யாமல் ஒப்பம் போடக்கூடாது என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கைப்பிடியைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டைத் தபாலில் அனுப்பமாட்டேன். தொலைந்துவிடும். அது மேசைமேல், நான் உட்காரும் பக்கத்தில் இல்லை, ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது. என் சொல்லை நம்பி ஒப்பம் போடாதே. நீயே உட்கார்ந்து, மெதுவாக, முதல் இலக்கத்திலிருந்து வகுத்துப் பார். நான் பக்கத்தில் நின்று பார்க்கமாட்டேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணா.

அம்மா